உப்புப் பார்க்காமல் படைத்த மீன்

குட்டி மச்சாள், கேட்கிறதா உங்களுக்கு? பவானி கதைக்கிறேன்.

நீங்கள் போன செய்தி வந்தபோது நான் வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். உங்களுக்கு மீன் வாங்கத்தான். முதல் நாள் பின்னேரம் வார்ட்டுக்கு வந்த டொக்டர், "இனி வீட்டிலயிருந்து விருப்பமானதைக் கொண்டுவந்து குடுங்கோ, கொஞ்சம் உப்பும் போடலாம்" என்று சொல்லியிருந்தார். எத்தனையோ மாதமாக உங்கள் வாயில் வைக்க விடாத உப்பு. எனக்கு வந்த சந்தோஷத்தில் விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மீன்காரர் என்னைக் கண்டதும், "அக்கே, ஹொந்த மோதா தியெனவா" என்றார். நல்ல மோதா மீன் வந்திருக்கிறதாம். கண்ணைப் பார்த்தேன். செவுளைத் தூக்கிப் பார்த்தேன். நீங்கள் செய்கிற மாதிரியே வயிற்றை விரலால் அமத்திப் பார்த்தேன். தோலை விட்டு முள்ளை மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டு நிற்கும்போது போன் அடித்தது. இவர்தான்.

"எங்க நிக்கிறாய் பவா?"

"சந்தையில. நல்ல மோதா கிடைச்சிருக்கு."

"வீட்ட வா" என்றார்.

"வெட்டி முடியேல்லையப்பா."

"அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா பவா."

மீன்காரர் பையை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது? கையில் மீன் இருந்தது. சாப்பிட ஆள் இல்லை.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் எழுதுவதற்கு எங்கள் சொந்தத்தில் படித்த ஆட்கள் இருக்கிறார்கள். மச்சாளின் குலம் கோத்திரம் எல்லாம் அவர்கள் முன்பக்கத்தில் எழுதியிருப்பார்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். இவர்தான், "அக்காவோட குசினிக்குள்ள நிண்டவள் நீ, நீ எழுது" என்று பேனையைக் கையில் தந்தார். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செல்வராணி என்பது பதிவில் உள்ள பெயர். எனது கணவருக்கு மூத்தவர், பெண்பிள்ளைகளில் கடைசி. அதனால் வீட்டில் குட்டி. கதவு நிலையில் தலை முட்டுகிற உயரம், அதற்கேற்ற உடம்பு, காலி வீதி என்கிற பெருந்தெருவின் இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் பஸ் நிற்கும். அவருக்குப் பெயர் குட்டி. கலியாணம் முடித்து நான் வந்த நாளில், "குட்டி மச்சாள் எங்க?" என்று இவரிடம் கேட்டேன். என் பின்னால் நின்றவர், "உன்ர வெளிச்சத்தை மறைச்சுக்கொண்டு நிக்கிறது ஆரெண்டு நினைச்சாய்?" என்றார். அன்றைக்குச் சிரித்ததுதான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த முதல் சிரிப்பு.

உங்களில் நிறையப் பேருக்கு அவரைச் சாப்பாட்டுப் பார்சல் அக்காவாகத்தான் தெரியும். மத்தியானம் கந்தோர்களில் வேலை செய்கிறவர்களுக்குப் போகிற பார்சல் எங்கள் குசினியில் கட்டியதுதான். அதற்கு முதல் மச்சாள் கொழும்பு ஏழில் ஒரு வெள்ளைக்கார மிஸ்ஸின் வீட்டில் சமையல் வேலை செய்தார். அந்த மிஸ் தனியாள். பின்னேரங்களில் அவவுக்குப் பெரிய சமையல் தேவையில்லை. ஒரு துண்டு வெள்ளை மீன், பட்டர், லெமன் புளி. அவ்வளவுதான். நாட்டை விட்டுப் போகும்போது, "இதை நான் தூக்கிக்கொண்டு போக ஏலாது, ராணி" என்று பாரமான ஒரு தட்டை இரும்புத் தாச்சியை மச்சாளிடம் கொடுத்துவிட்டுப் போனாவாம். அந்தத் தாச்சியில் வேறு எதையும் பொரிக்க மச்சாள் ஒருவரையும் விட்டதில்லை. ஒருநாள் இவர் அதில் முட்டை ஊற்றப் போய் வாங்கிய பேச்சு மூன்றாம் மாடிக்குக் கேட்டது.

நான் அந்த மீனை முதன்முதல் கண்டபோது, "ஆருக்கு வருத்தம்?" என்று கேட்டேன். தூள் இல்லை, பழப்புளி இல்லை, தேங்காய்ப்பால் இல்லை. எங்கள் பக்கத்தில் காய்ச்சல்காரருக்குக்கூட இப்படிக் கொடுக்க மாட்டோம். அடுத்த தடவை அவர் சாமான் வாங்கப் போன நேரம், உதவி செய்வோம் என்று நினைத்து, மீனைக் கழுவி மஞ்சளும் உப்பும் நன்றாகப் பிரட்டி வைத்தேன். மீனைக் கண்டால் மஞ்சள் பூசுவதுதானே எங்கள் கைக்குத் தெரியும். மச்சாள் வந்து கோப்பை மூடியைத் திறந்தார். பேசப்போகிறார் என்று சுவரோடு ஒட்டி நின்றேன்.

"இஞ்சேர், மீன் சாமத்தியப்பட்டிட்டுதோ? மஞ்சள் பூசி இருத்தி வைச்சிருக்கிறாய். ஆக்களுக்குச் சொல்லி அனுப்பட்டோ?"

அன்றைக்கு அதைக் குழம்பாக்கினோம். பிறகு பல காலம் விருந்தாளிகளுக்கு முன்னால், "எங்கட பவானி மீனுக்குத் தண்ணி வாத்தவள்" என்று சொல்லி என்னைக் கூச வைப்பார்.

ஆனால் பழக்கவும் செய்தார். பழக்கினார் என்றால், சொல்லித் தரவில்லை. அவருக்குப் பொறுமை இல்லை. நான் பக்கத்தில் நிற்பேன், அவர் தன்பாட்டில் கதைத்துக்கொண்டு செய்வார். மீனைத் துணியால் ஒத்தி ஒத்தி ஈரத்தை எடுப்பார். "தண்ணி நிண்டால் மீன் பொரியாது, அழும்." தாச்சி காய்ந்ததும் முதலில் ஒரு சொட்டு எண்ணெய், பிறகு தோல் பக்கம் கீழே. மீனைத் தொட விடமாட்டார். "அது தானா விடும், நீ சுரண்டாத." மறுபக்கம் பிரட்டிய பிறகுதான் பட்டர். அது நுரைத்து வரும்போது கரண்டியால் அள்ளி அள்ளி மீனின் மேல் வார்ப்பார். மிஸ்ஸின் வீட்டில் மஞ்சள் நிறத்து லெமன். எங்கள் வீட்டில் தேசிக்காய். அதை அடுப்பால் இறக்கிய பிறகுதான் பிழிவார். அடுப்பில் வைத்துப் பிழிந்தால் கசந்து கைக்குமாம்.

இவ்வளவும் அவர். எனக்கு ஒரே ஒரு வேலை. கரண்டியில் அந்தப் பட்டர்ப் புளியைக் கொஞ்சம் எடுத்து, ஊதி, என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து, "உப்புக் காணுமோ பார்" என்பார், போதுமா என்று.

பார்சலுக்குப் பெரிய சட்டியில் காய்ச்சுகிற கறிக்கெல்லாம் அவருக்குக் கை அளவு இருந்தது. ஒருவரையும் கேட்கமாட்டார். இந்த மீனுக்கு மட்டும் அவரால் முடியாது. "பட்டருக்குள்ள ஒரு உப்பு, மீனுக்குள்ள ஒரு உப்பு, அதுக்கு மேல நான் போடுற உப்பு. என்ர நாக்கு உப்புத் திண்டு செத்த நாக்கு. நீதான் சொல்ல வேணும்." உண்மைதான். மாங்காய் என்றாலும் கொய்யா என்றாலும் பக்கத்தில் உப்புக் கிண்ணம் இல்லாமல் அவர் இருந்ததில்லை. நான் நாக்கில் வைத்து, "இன்னும் கொஞ்சம்" என்பேன். அல்லது, "காணும்" என்பேன். நான் காணும் என்று சொன்னால்தான் தாச்சி மேசைக்குப் போகும். அந்த வீட்டில் என் சொல்லுக்கு மறுசொல் இல்லாத ஒரு இடம் அதுதான்.

அந்த மீனை அவர் நல்ல நாள் பெருநாளுக்குச் செய்வதில்லை. வீட்டில் ஒருவர் நொந்து போயிருக்கிற நாளில்தான் தாச்சி வெளியே வரும். இவருக்கு வேலை போன நாளில் செய்தார். ஊரில் என்னைப் பெற்ற ஐயா இறந்த செய்தி வந்து, செத்தவீட்டுக் கடமையெல்லாம் முடித்துக்கொண்டு நான் திரும்பி வந்த பிறகு ஒரு நாள் செய்தார். "நொந்த வாய்க்குத் தூள் குடுக்கக் கூடாது" என்பார்.

ஒன்றை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். எழுதுகிறேன். என் வயிற்றில் இருந்த பிள்ளை இல்லாமல் போய் நான் ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்த கிழமை. வந்த சனம் எல்லாம் ஏதோ சொல்லிற்று. இன்னும் வயது இருக்கிறது என்றார்கள், கடவுள் விட்ட வழி என்றார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். எனக்குப் பசிக்கவில்லை, தண்ணீரும் இறங்கவில்லை. மச்சாள் மட்டும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஒரு பின்னேரம் வந்து என் கையைப் பிடித்து எழுப்பிக் குசினியில் ஸ்டூலில் இருத்தினார். முதுகைக் காட்டிக்கொண்டு மீனைப் பொரித்தார். வழக்கமாக ஓயாமல் கதைக்கிறவர் அன்றைக்குப் பட்டரின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் வர விடவில்லை. பிறகு திரும்பிக் கரண்டியை என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"உப்புக் காணுமோ பார்."

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கையை எடுக்கவில்லை. அந்தப் பெரிய கை அப்படியே நின்றது.

"நீ சொல்லாட்டி எனக்குத் தெரியாதெடி" என்றார்.

வாயைத் திறந்தேன். உப்புக் குறைவாக இருந்தது. சொன்னேன். போட்டார். திரும்பவும் கரண்டி வந்தது. அப்படித்தான் நான் திரும்பச் சாப்பிடப் பழகினேன்.

சாமான் இல்லாத அந்தக் காலம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். காஸ் இல்லை, பட்டர் இல்லை, பால்மாவுக்கு லைன். மச்சாள் பல்கனியில் மூன்று கல்லை வைத்து விறகு மூட்டினார். மேல்மாடிக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன ராணியக்கா, வீட்டைக் கொளுத்துறீங்களோ?" என்றார். "ஓம் தம்பி, உங்கட பங்கு வெந்ததும் கூப்பிடுறன்" என்றார் மச்சாள். இவர் எங்கேயோ தேடி மாஜரின் கொண்டுவந்தார். மச்சாள் அதை மணந்து பார்த்துவிட்டு, "இது பட்டரும் இல்லை, பட்டருக்குச் சொந்தமும் இல்லை" என்றார். ஆனாலும் பொரித்தார். மேல்மாடிக்கும் ஒரு துண்டு போனது.

பிரஷர் அவருக்குக் கனகாலமாக இருந்தது. அது கிட்னியைத் தொட்டுவிட்டது என்று கிளினிக்கில் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். உப்பு அறவே கூடாது என்றார்கள். மச்சாள் அந்த டொக்டர்ப் பிள்ளையைப் பார்த்து, "உப்பில்லாம மீன் சாப்பிடுறதெண்டால், பிள்ளை, மீன் ஏன் கடலில இருக்க வேணும், குழாயில இருக்கலாமே" என்றார். அந்தப் பிள்ளை சிரித்தது. ஆனால் எழுதிய துண்டை மாற்றவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் உப்புப் போத்தல் என்னுடைய அறைக்கு வந்தது. அவர் கேட்பார், நான் இல்லை என்பேன். என்னிடமிருந்து உப்பைப் பிடுங்க அவருக்கு ஒரு கை போதும். பிடுங்கவில்லை. குழந்தைப் பிள்ளை மாதிரி அறை வாசலில் வந்து நிற்பார். "ஒரு கல்லு, பவா. நாக்கில வைச்சிட்டுத் துப்புறன்." நான் அழுதால் மட்டும், "சரி சரி, எனக்கு வேண்டாம், நீ கண்ணைத் துடை" என்று திரும்பிப் போவார். டொக்டர் சொன்னதைத்தான் செய்தேன், வேறு எனக்கு என்ன தெரியும்? கொடுத்தாலும் அவரை இழப்பேன், கொடுக்காவிட்டாலும் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

ஆஸ்பத்திரியில் சேர்த்து மறிப்பதற்கு முதல் கிழமை, எழும்பி நிற்கப் பெலன் இல்லாமல் இருந்தார். அந்த இரும்புத் தாச்சியில் முதன்முதலாக நான் மீன் வைத்தேன். உப்பில்லாத பட்டர் தேடி வாங்கினேன். அவர் செய்த மாதிரியே துணியால் ஒத்தினேன், சுரண்டாமல் காத்திருந்தேன். கட்டிலில் கொண்டுபோய் ஒரு வாய் ஊட்டினேன். மென்றார். என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"தேசிக்காயைக் கூடப் பிழி" என்றார்.

பிழிந்தேன். இன்னொரு வாய் வாங்கினார். அதற்கு மேல் இறங்கவில்லை.

டொக்டர் உப்புப் போடலாம் என்று சொன்னதற்கு அர்த்தம் என்ன என்று செத்தவீடு முடிந்த பிறகுதான் இவர் எனக்குச் சொன்னார். சுகம் வருகிறது என்று சொன்னதில்லையாம். இனி உப்பாலே ஒன்றும் கூடுவதற்கும் இல்லை, குறைவதற்கும் இல்லை என்றுதானாம். "அப்பவே விளங்கினதெண்டால் ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "நீ சிரிச்சுக்கொண்டு நிண்டாய் பவா. வீட்டில தேசிக்காய் இருக்கோ எண்டு கேட்டாய். நான் எப்பிடிச் சொல்லுறது?" என்றார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை.

சந்தையில் வாங்கிய அந்த மீன் குளிர்ப்பெட்டியின் மேல்தட்டில் கிடந்தது. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து சாப்பாடு வந்தது. அதற்குப் பிறகும் எட்டாம் நாள் வரைக்கும் மரக்கறிதான். ஐஸ் தண்ணீர் எடுக்க வருகிறவர்கள் பெட்டியைத் திறக்கிற நேரமெல்லாம் அந்தப் பையைக் கண்டேன். எறியவும் முடியவில்லை, ஒருவருக்குக் கொடுக்கவும் மனம் வரவில்லை.

எங்களில் எட்டுச் செலவு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். போனவருக்கு விருப்பமானதெல்லாம், மீன் இறைச்சி உட்பட, சமைத்துப் படத்துக்கு முன்னால் வாழையிலையில் படைக்க வேண்டும். இவருக்குச் சித்தி முறையான குஞ்சியம்மா வவுனியாவிலிருந்து வந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தார். நான் பெட்டியிலிருந்து மீனை எடுத்ததும், "படையலுக்குப் பழைய மீனோ? புதுசு வாங்கு" என்றார். "இது அவவுக்கெண்டு வாங்கினது, குஞ்சியம்மா" என்றேன். இவர் வாசலில் நின்று, "விடுங்கோ, அவள் செய்யட்டும்" என்றார்.

ஐஸ் மீன் தண்ணீர் விடும் என்று மச்சாள் சொல்லுவார். விட்டது. ஒத்த ஒத்த விட்டது. எத்தனை துணி பிழிந்தேனோ தெரியாது. தாச்சியில் வைத்ததும் அழுதது, அவர் சொன்ன மாதிரியேதான். ஒரு துண்டு உடைந்தது. பட்டரை அள்ளி வார்த்தேன். இந்த முறை உப்புப் பட்டர். மீனுக்கு மேல் போடுவதற்கு உப்பைக் கையில் எடுத்தேன். இனி மறிக்க ஆள் இல்லை. டொக்டரும் இல்லை, நானும் இல்லை. எவ்வளவு போடுவது?

பழக்கத்தில் கரண்டியை எடுத்து, ஊதி, என் வாய்க்குக் கொண்டுபோனேன்.

"பிள்ளை, என்ன செய்யிறாய்!" என்று குஞ்சியம்மா கையைப் பிடித்தார். "படைக்கிறதில வாய் வைக்கக் கூடாது. எச்சிலாப் போம். அவ வந்து சாப்பிடமாட்டா."

சரிதான். எனக்கும் தெரிந்த முறைதான். எந்தப் படையலையும் நாங்கள் உப்புப் பார்த்துப் படைத்ததில்லை. ஆனால் அந்த மீனை நான் உப்புப் பார்க்காமல் மச்சாள் ஒருநாளும் மேசைக்குக் கொண்டுபோனதில்லை. கரண்டியைத் திரும்பத் தாச்சிக்குள் சாய்த்தேன். கையில் இருந்த உப்பில் கொஞ்சத்தைப் போட்டேன். போதாது போலிருந்தது. இன்னும் கொஞ்சம் போட்டேன். கூடிவிட்டது போலிருந்தது. எடுக்க முடியாது. அடுப்பால் இறக்கித் தேசிக்காய் பிழிந்தேன். இலையில் வைத்து, விளக்கு ஏற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நின்றோம். மற்றவர்கள் கும்பிட்டார்கள். எனக்குக் கும்பிட வரவில்லை. காது மட்டும் அந்தக் கதவுக்குள் இருந்தது.

கதவு திறந்த பிறகு படையலைப் பங்கிட்டார்கள். குஞ்சியம்மா, "உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். மேல்மாடிக்காரர், "இல்லையே, குறைவு" என்றார். இவர், "அளவாத்தான் இருக்கு" என்றார். இவர் எதைச் சாப்பிட்டாலும் அப்படித்தான் சொல்லுவார். என் இலையிலும் ஒரு துண்டு வைத்தார்கள். தொடவில்லை. அதற்கு உப்புச் சொல்ல வேண்டியது நான் இல்லை என்று பட்டது.

மச்சாளின் சங்கிலியும் காப்பும் இவரின் மற்றத் தமக்கைமாருக்குப் போகும். அதுதான் முறை. சேலைகளைக் குஞ்சியம்மா எடுத்துப் பிரித்துக் கொடுத்தார். நான் கேட்டது இரும்புத் தாச்சியை. "அந்தப் பாரத்தை வைச்சு என்ன செய்யப் போறாய்?" என்றார்கள். தெரியாது. கழுவி, துடைத்து, எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன். பார்சல் வேலையைத் திரும்பத் தொடங்கியிருக்கிறேன், சட்டிக் கறிக்கு என் கையும் மெல்ல மெல்ல அளவு பிடிக்கிறது. ஆனால் எந்தக் கறி இறக்கினாலும் கரண்டியில் எடுத்து ஊதியபடி பக்கத்தில் திரும்புகிறேன். அங்கே ஜன்னல் வெளிச்சம் இருக்கிறது. மறைக்க ஒருவரும் இல்லை.

மச்சாள், அன்றைக்கு நான் வைத்த மீனில் வாய் வைத்தீர்களோ இல்லையோ தெரியாது. வைத்திருந்தால் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாது.

உப்புக் காணுமோ?